லம்ரி வைத்த கம்பி

லம்ரியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நல்லவர் என்று தொடங்க மாட்டேன். நல்லவர், கெட்டவர் என்பதெல்லாம் ஜனாஸாவில், மையத்து எடுக்கிற நேரத்தில், பேசுகிற பேச்சு. மலைமேல் பனி விழுகிற செத்திஃப் நகரில் எங்கள் தையல் ஆலையின் கூரையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த மனுஷர். நான் அங்கே தொழிற்சங்கச் செயலாளர். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூரையில் ஒரு தகரப் பெட்டி உண்டு, சின்ன லாரி அளவு. குளிர்காலத்தில் கேஸை எரித்துக் கீழே கூடத்துக்குச் சூடான காற்றை அனுப்பும். கோடையில் அதே குழாய் வழியாகக் குளிர்ந்த காற்று. அதற்கு லம்ரிதான் டாக்டர். பனி விழுவதற்கு முன் பர்னரைக் கழற்றித் துடைப்பார். தீ எரிகிறதா என்று பார்க்கிற சின்னக் கம்பியை இரும்பு நாரால் தேய்ப்பார். பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். படித்தது ஆறாவது வரை. இயந்திரத்தோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை மட்டும் பக்கம் பக்கமாகச் சொல்வார்.

கூடத்தில் அறுபத்துநாலு பெண்கள், அத்தனை மெஷின்கள். நாளெல்லாம் பஞ்சு பறக்கும். அந்தப் பஞ்சு பெட்டியின் ஃபில்டரில் போய் அடைக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அந்த டிசம்பரில் கையிருப்பு தீர்ந்தது. வாங்கச் சொல்லி லம்ரி மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். பெருநாள் ஆர்டர் முடியட்டும் என்றார் டைரக்டர். லம்ரி பழையதைக் கழுவி மாட்டினார். அது கிழிந்து, பஞ்சு உள்ளே போய் அடைத்தது. காற்று போக வழியில்லாமல் அடுப்பு கொதித்தது. கொதித்தால் தீயை அணைப்பதற்கென்றே உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அணைத்தது. வெளியே முழங்கால் அளவு பனி.

கூடத்திலிருந்து ஒருத்தி கத்தினாள்: "லம்ரி சாச்சா, மேல என்ன கோழியா வளக்குறீங்க? இங்க விரல் மரத்து ஊசி ஏறுது!"

"கோழி வளத்தா முட்டையாவது கிடைக்கும். இந்தச் சனியன் அதுவும் போடாது."

டைரக்டர் ஏணியடியில் நின்று சொன்னார்: "எப்படியாவது ஓட்டுய்யா. எப்படின்னு எனக்குத் தெரிய வேணாம்."

அன்று லம்ரி ஒரு சாண் கம்பியை எடுத்து அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளையும் இணைத்தார். இனி எவ்வளவு கொதித்தாலும் தீ அணையாது. ஃபில்டர் வரும்வரைதான் என்று நினைத்தார். கூடம் சூடானது. பெண்கள் குலவையிட்டார்கள். நானும் கை தட்டினேன். ஃபில்டர் வரவில்லை. கம்பி அங்கேயே இருந்தது.

மார்ச்சில் நோன்பு வந்தது. பனி போகவில்லை. பிள்ளைகளின் பெருநாள் சட்டைகள் மலை மாதிரி குவிந்தன. முதல் வாரத்திலேயே கூடத்தில் தலைவலி. பத்து மணிக்குத் தொடங்கி, வீட்டுக்குப் போகிற மூன்று மணிக்குள் பாதிப் பேர் நெற்றியில் துணி கட்டியிருப்பார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. நோன்பில் காப்பி இல்லை, தலை வலிக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஊரில் நோன்புத் தலைவலிக்கு டாக்டரிடம் போகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பதினாறாம் நோன்பு, ஞாயிற்றுக்கிழமை. இஸ்திரி மேசையில் நின்ற நுவாரா சரிந்து விழுந்தாள். ஐந்து மாசக் கர்ப்பிணி.

"வயித்துப் பிள்ளையோட நோன்பு வைக்காதடின்னா கேட்டியா?" என்று நாலு பேர் சேர்ந்து திட்டினார்கள். கையில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தவள் உம்முல்கைர். சர்க்கரை நோய்க்காரி, டாக்டர் நோன்பு வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து காப்பி குடிப்பாள். எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாத மாதிரி.

"எனக்கே தலை பொளக்குது. இந்தப் புள்ளைக்குக் கேக்கணுமா?" என்றாள்.

லம்ரி பக்கத்தில் ஏணி மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். கீழே இறங்கினார்.

"உம்முல்கைர் அக்கா, உங்களுக்கு ஏன் வலிக்குது? நீங்கதான் காப்பி குடிக்கிறீங்களே."

கூடம் சிரித்தது. உம்முல்கைர் சிவந்துபோனாள். "ஊருக்கே தண்டோரா போடுங்க! மூட்டைக்குப் பின்னாடி ஒரு கேமராவும் வச்சிருங்க!"

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வலிச்சுதா?"

"வெள்ளிக்கிழமை லீவு, வீட்டுல இருந்தேன். வலிக்கல."

பக்கத்து மெஷினைக் கேட்டார். அதற்கடுத்ததைக் கேட்டார். வெள்ளிக்கிழமையும் நோன்புதான், வெள்ளிக்கிழமையும் காப்பி இல்லை. யாருக்கும் வலிக்கவில்லை.

"எல்லாரும் வெளிய போங்க. கோட்டுகளை அப்பறம் எடுக்கலாம். நுவாராவைத் தூக்குங்க. ஜன்னலைத் திறங்க."

அவர் கூரைக்கு ஓடினார். நானும் பின்னால் ஏறினேன். பக்கத் தகட்டைக் கழற்றி, இயந்திரத்தை நிறுத்தி மறுபடி கொளுத்தினார். நீல நாக்குகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன. அரை நிமிஷத்தில் பெரிய விசிறி சுழல ஆரம்பித்தது. உடனே மூன்றாவது நாக்கு சாய்ந்து, மஞ்சளாகி, வெளியே துடித்தது.

"விசிறிக் காத்து அடுப்புக்குள்ள வரக்கூடாது. வருதுன்னா தீக்கும் காத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு பொளந்திருச்சு. புகை கீழ போய்க்கிட்டிருக்கு. நிறமில்லாத புகை, வாசனையில்லாத புகை." வால்வை மூடினார். கம்பியைப் பிடுங்கினார். அது கறுத்திருந்தது. "கொதிச்சுக் கொதிச்சுப் பொளந்திருக்கு. என் கையால."

நான் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். "அதைத் தூக்கிப் போடு. தகடு பழசு, பொளந்திருச்சுன்னு சொல்லு. உனக்குப் பென்ஷனுக்குப் பதினாலு மாசம்தான் இருக்கு."

"நுவாராவை ஆஸ்பத்திரியில என்னன்னு சொல்லிச் சேப்பே? நோன்பு மயக்கம்னா குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிருவான். எத்தனை நாளா இந்தப் புகையை இழுத்தாள்னு அவன் கேப்பான். டிசம்பர்லருந்து கம்பி இருக்குன்னு நான்தான் சொல்லணும். உனக்குத் தெரியுமா? டைரக்டருக்குத் தெரியுமா?"

கீழே பனியில் பெண்கள் கூட்டமாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள். டைரக்டரும் வந்துவிட்டார். லம்ரி கம்பியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இதை நான்தான் வச்சேன். டிசம்பர்ல. உங்க தலைவலி காப்பியால இல்ல, இதால. கர்ப்பிணி யாரு, இதய நோய்க்காரி யாரு, அவங்க முதல்ல ஆம்புலன்ஸ்ல ஏறுங்க. டாக்டர்கிட்ட கேஸ் புகைன்னு சொல்லுங்க. அந்த வார்த்தையை விட்டுராதீங்க."

டைரக்டர் முந்திக்கொண்டு கத்தினார்: "எல்லாரும் கேட்டீங்கல்ல? அவரே வச்சாராம்!"

இருபத்திரண்டு பேரின் ரத்தத்தில் புகை இருந்தது. நுவாராவை இரண்டு நாள் ஆக்ஸிஜனில் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஜனாஸாக்களை எண்ணியிருப்போம் என்றார் டாக்டர்.

ஜூலையில் நுவாராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. தலை நிற்க வேண்டிய மாசம் தாண்டியும் நிற்கவில்லை. புகையாலா, வேறெதனாலா என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

விசாரணை டிசம்பரில் வந்தது. டைரக்டர் ஏணியடியில் சொன்ன வார்த்தையை விசாரணையில் சொல்லு என்று லம்ரியிடம் மன்றாடினேன். சொன்னார். ஆனால் கூடவே, "ஓட்டுன்னு சொன்னாரு, கம்பி வைன்னு சொல்லல. அது என் புத்தி" என்றும் சொல்லிவிட்டார். டைரக்டர் தரப்புக்கு அது போதும்.

வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று கூடத்தில் கையெழுத்து வாங்கினோம். உம்முல்கைர் முதல் ஆள். "என் காப்பியைக் காட்டிக் கொடுத்தவர்தான். ஆனா அந்தக் காப்பியாலதான் நான் உயிரோட இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். கடைசியில் தாளை நுவாராவின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். குழந்தை மடியில் இருந்தது, அவளுடைய உள்ளங்கை அதன் பிடரியைத் தாங்கியிருந்தது. அவள் பேனாவை வாங்கவில்லை.

"அவர் சொல்லலைன்னா நான் செத்திருப்பேன், தெரியும். அவர் வைக்கலைன்னா இவன் தலை நின்னிருக்குமோன்னு ராத்திரியெல்லாம் தோணுது, அதுவும் நிஜம். என்னைக் கேக்காதீங்கண்ணே."

அறுபத்துமூன்று கையெழுத்து. லம்ரியை நீக்கினார்கள். கூரையில் இப்போது புதுப் பெட்டி இருக்கிறது. கூடத்தில் புகை வந்தால் அலறுகிற கருவி நாலு மாட்ட வைத்தோம். சங்கத்தின் வெற்றி என்று நோட்டீஸ் அடித்தோம். அதில் லம்ரி பெயர் இல்லை. அந்த நோட்டீஸை எழுதியது நான்தான்.

உத்தரவு வந்த அன்று வாசலில் அவர் அந்தக் கையெழுத்துத் தாளைக் கேட்டார். நின்றபடியே விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். கடைசி வரைக்கும் வந்தார்.

"அந்தப் புள்ள போடல."

"போடல."

"போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினீங்களா?"

"இல்ல."

"நல்லது," என்று தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.