கோரை பிடித்த முக்கால் ஏக்கர்

“சித்திரை 9, செவ்வாய். காலை ஏழரைக்கு டிராக்டர் வந்தது. ரோட்டவேட்டர் இரண்டு ஓட்டு. பதினொன்றே காலுக்கு முடிந்தது. நிலம் சுத்தம்.”

என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். நேரமெல்லாம் சரி. கடைசி இரண்டு சொற்கள்தான் தவறு.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, மாநில எல்லையை ஒட்டி எங்களுக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது. கிணறு வற்றியதால் ஒன்பது வருடம் அதில் எதுவும் விதைக்கவில்லை. போன கார்த்திகை மழையில் கிணற்றில் தண்ணீர் ஏறியதும் என் மனைவி சின்ன வெங்காயம் வைக்கவேண்டும் என்றாள். கிணற்று மேட்டில் சின்னதாகப் பாத்தி கட்டி, தை மாதத்தில் விதைவெங்காயமும் எடுத்துவிட்டாள். கொத்துக் கொத்தாகக் கட்டி மாட்டுக்கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டிருந்தாள். வைகாசி கடைசிக்குள் நட்டால்தான் உண்டு. அதற்கு மேல் விட்டால் விதை முளைத்துச் சுருங்கிவிடும். நான் அந்த நிலத்தில் தென்னை வைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இந்த வருடம் வெங்காயம் நடாவிட்டால் தென்னைதான் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. தென்னை வந்துவிட்டால் அப்புறம் வெங்காயத்துக்கு ஏது இடம்?

சித்திரை 21 காலையில் போய்ப் பார்த்தேன். நிலம் முழுக்கப் பச்சை. தூரத்திலிருந்து பார்க்க நெல் நாற்றங்கால் மாதிரி அழகாக இருந்தது. கிட்டே போனால் அத்தனையும் கோரை. ரோட்டவேட்டர் ஓட்டுவதற்கு முன்பு இதில் பாதிகூட இருந்ததில்லை.

அக்கம்பக்கத் தோட்டங்களுக்குக் களை எடுக்கப் பெண்களைக் கூட்டிவரும் அம்மிணி என்று ஒருத்தி இருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். என் மனைவி அவளைக் கூட்டிவந்தாள். வரப்பிலிருந்து பார்த்துவிட்டு அவள் நிலத்துக்குள் இறங்கினாள். கொத்தால் ஒரு பிடி மண்ணைப் புரட்டி என் கையில் வைத்தாள். ஒரே வேரில் கோத்தது போலிருக்கும் கோரைக்கிழங்குகள் ரோட்டவேட்டர் கத்தியில் துண்டு துண்டாக அறுந்து கிடந்தன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு முளை.

“ஏனுங்ணா, வெங்காயத்துக்கு முந்தி கோரைய நட்டு உட்டிருக்கறீங்களாட்ட இருக்குது?” என்றாள்.

என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிழங்கை அறுத்தால் சாகாது, பெருகும் என்பதை நான் எங்கோ படித்திருக்கிறேன். படித்த தேதியைக்கூடத் தேடினால் எடுத்துவிடலாம். டிராக்டரைக் கூப்பிட்ட அன்று மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. மருந்து அடிக்கலாமா என்று கேட்டேன். கிணறு பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டாம் என்று மனைவி முடித்துவிட்டாள்.

அம்மிணி சொன்ன வழி இது. அறுக்காமல் புரட்டிப்போட, டிராக்டரில் ஐந்து கொழு கொண்ட அஞ்சு கலப்பை ஓட்டவேண்டும். கட்டி கட்டியாகப் பெயர்ந்து கிடக்கும் மண்ணில் கிழங்குகள் நாலைந்து நாள் வெயிலில் காயவேண்டும். பிறகு தண்ணீர் விட்டு, மிச்சமிருப்பதை வேண்டுமென்றே முளைக்கவைத்து, புதுக்கிழங்கு பிடிப்பதற்குள் கொத்திப் பொறுக்கவேண்டும். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கொத்து. களையை வளர்த்துக் களையை எடுக்கிற வேலை. நான் கணக்குப் போட்டேன். முக்கால் ஏக்கருக்கும் இதைச் செய்துமுடிக்க ஆடி பிறந்துவிடும். அதைச் சொன்னேன். தென்னை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் என் மனைவிக்குக் கேட்டிருக்கும்.

“எல்லாத்தையும் ஒரே வருசத்துல பண்ணோணும்னு யாருங்க சொன்னாங்க?” என்றாள். “பத்துச் சென்டு போதும். மிச்சத்துல தட்டைப்பயறு நெருக்கமா வெதைச்சு உடுங்க. நெழல் கட்டுனாக் கோரை அடங்கும்.”

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு வேலையைத் தொடங்கினால் முழுதாகத் தொடங்கி முழுதாக எழுதி முடிக்கவேண்டும் என்பது என் புத்தி.

கிணற்றை ஒட்டிப் பத்துச் சென்டை அளந்து கயிறு கட்டினோம். சித்திரை 24, அஞ்சு கலப்பை. 30, முதல் தண்ணீர். வைகாசி 9, முதல் கொத்து. அன்று பொறுக்கிய கிழங்கு மூன்று சாந்துச்சட்டி. வைகாசி 20, இரண்டாவது கொத்து. அன்று ஒரு சட்டிகூட நிறையவில்லை. வரப்பில் கொட்டினால் மறுபடி வேர்விடும் என்று களத்துப் பாறையில் கொட்டிக் காயவைத்தோம். விட்டத்தில் வெங்காயத்தின் மூக்கு பச்சையாகிக்கொண்டிருந்தது. மனைவி தினமும் காலையில் ஒரு கொத்தை எடுத்து அமுக்கிப் பார்ப்பாள். அமுங்குவதைத் தனியே எடுத்து ஓரமாக வைப்பாள்.

வைகாசி 22 காலையில் போனபோது வடமேற்கு மூலை உழுததுபோலக் கிடந்தது. காட்டுப்பன்றி. நல்லவேளை, எங்கள் பத்துச் சென்டுக்கு வரவில்லை; பயறு விதைக்க விட்டிருந்த பக்கம்தான். இரண்டு சென்ட் அளவுக்கு அரை முழ ஆழம் கிளறியிருந்தது. நான் வேலிக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மிணி அந்த மண்ணில் உட்கார்ந்து கையாலேயே கிழங்கைத் தேடித் துழாவினாள்.

“கெழங்கே ஆப்படலீங்ணா. கூலி கேக்காம வேலை பாத்துட்டுப் போயிருக்குது பாருங்க.”

வைகாசி 27 அன்று பத்துச் சென்டிலும் வெங்காயம் நட்டோம். ஆறு பெண்கள், என் மனைவி, நான். சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து காற்றோடு தூறல் வந்தது. இரண்டு கொத்து விதை மிச்சமிருந்தது. வீட்டுக்குக் குழம்புக்கு ஆகும் என்று நான் கூடையில் போட்டேன். மனைவி கூடையை வாங்கிக்கொண்டு நேராகப் பன்றி கிளறிய மூலைக்கு நடந்தாள். மண்ணைக் கையால் நிரவிப் பாத்தி பிடித்து, அந்த இரண்டு சென்டில் முடிந்தவரை நட்டுவிட்டு வந்தாள். அங்கே நடலாமா என்று என்னைக் கேட்கவில்லை. தென்னையைப் பற்றி அதற்குப் பிறகு நானும் பேசவில்லை.

ஆனி 12இல் முதல் களை. சின்னதாக இருக்கும்போது கோரையும் வெங்காயத்தாளும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதால் என்னைப் பாத்திக்குள் இறங்கவேண்டாம் என்று மனைவியும் அம்மிணியும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பிடுங்கிப்போட்டதை வரப்பில் நின்று எண்ணினேன். நாங்கள் கொத்திய இடத்தில் ஒரு பாத்திக்குப் பத்துப் பன்னிரண்டு கோரை. வடமேற்கு மூலையில் ஒரு பாத்திக்கு இரண்டு, மூன்று.

பன்றி கிழங்கைத் தின்றதால்தான் அங்கே குறைந்ததா, அல்லது முதலிலிருந்தே அந்த மூலையில் கோரை குறைவாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பன்றி வருவதற்கு முன் அந்தப் பக்கத்தை நான் எண்ணி வைக்கவில்லை. அம்மிணி தின்றதுதான் என்கிறாள். இது இன்னும் உறுதிப்படவில்லை.