சூட்டறையில் காய்ந்தவை

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரில் எதுவும் காயாது. வடகம் காயாது, துணி காயாது, கொடியில் போட்ட துண்டு புளித்த மாவு வாசனை அடிக்கும். எங்கள் பட்டறையின் சூட்டறை மட்டும் சித்திரை மாதம் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மரம் பதப்படுத்துகிறோம். அறுத்த பலகையை வெண்காரம் கரைத்த தண்ணீரில் ஊறவைப்போம், பூச்சி அரிக்காது. பிறகு சூட்டறையில் அடுக்கி ஈரத்தை இழுத்துவிடுவோம். கதவாகச் செய்தபின் ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிச் சூடு ஆறுமுன் தேய்ப்போம். அப்படித் தேய்த்த கதவு மழைக்கு உப்பாது. தோளால் இடித்துத் திறக்கிற வேலையே இருக்காது.

மழைக்காலத்தில் தெருவே எங்கள் வாசலில் நிற்கும். "அக்கா, புள்ளயோட யூனிபார்ம், ஒரு ஓரமா போட்டுக்கறேன்." நானும் மனுஷிதானே, சரி என்பேன். துணிக்கு மட்டும்தான் அனுமதி. ஒருமுறை யாரோ மிளகாயை உள்ளே வைத்துவிட, அக்கம்பக்கமே தும்மித் தீர்த்தது. அன்றிலிருந்து தின்கிற பொருள் எதுவும் கூடாது என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டேன். என் சத்தம் திருப்பாதிரிப்புலியூர் வரை கேட்கும் என்பார் என் வீட்டுக்காரர். அவர் காதில் மட்டும் விழவில்லை.

போன மழையில்தான் முதல்முறையாக ஒரு முழு வீட்டு ஆர்டர் வந்தது. அதுவரை தச்சர்களுக்குப் பலகை காயவைத்துக் கொடுத்ததோடு சரி. சிதம்பரத்தில் புது வீடு, எல்லாக் கதவும் எங்களிடம். இது நல்லபடியாக முடிந்தால் இன்னும் பல வீடு தேடி வரும். கெட்டால் பழையபடி பலகைதான். ஒவ்வொரு வேப்பம்பலகையையும் நானே பார்த்துப் பார்த்து அடுக்கினேன். மழை கொட்டும்போதே மாட்டிவிட்டு வந்தோம். ஒரு கதவுகூட உப்பவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாதம் அந்த வீட்டு ஐயா போன் செய்தார். "வெயில் பட்டா வாசக்கதவுல ஒரு வாடை வருதும்மா. கருவாட்டு வாடை. எங்க வீட்டுல சைவம். வந்து கழட்டிட்டுப் போயிடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மா, டீ குடிக்க."

"சூட்டறையில கருவாடு வெச்சீங்களா?"

"கருவாடு எங்க வெச்சேன். நெத்திலிதான் வெச்சேன். அது தானா கருவாடாச்சு." தலையைச் சொறிந்தார். "நல்ல நெத்திலி. மழையில அழுவிப் போவுதேன்னு மனசு கேக்கல."

பலகை அந்த வாடையைக் குடித்திருக்கிறது. அதன்மேல் நான் வேறு சூடான எண்ணெயைத் தேய்த்துப் பத்திரமாக உள்ளே பூட்டியிருக்கிறேன். வண்டியில் புவனகிரி பாலம் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பாலத்தில் அழுகை வந்துவிட்டது.

நாங்கள் போனபோது உச்சிவெயில். வாசற்கதவில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஐயா மூக்கில் துண்டை வைத்தபடி தெருவில் நின்றார். அவர் மனைவி கதவை ஒட்டி நின்றார். என் வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவரோடு கிட்டே போயும் அந்த அம்மா நகரவில்லை.

"கழட்டாதீங்க," என்றார். "நான் கடலூர் முதுநகர்க்காரி, துறைமுகத்துப் பக்கம். கட்டிக்கிட்டு இங்க வந்ததுலேர்ந்து நெத்திலிய கண்ணால பாக்கல. யாரும் விடச் சொல்லல, நானாத்தான் விட்டேன். மத்தியானத்துல இந்தக் கதவுகிட்ட நின்னா எங்கம்மா வீட்டு மொட்டமாடி வாசன வருது."

ஐயா துண்டை எடுத்துவிட்டு மனைவியையே பார்த்தார். "இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"நீங்களும் கேக்கலியே."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார். "இந்த வாடை எவ்ளோ நாளைக்கி இருக்கும்மா?"

"வெயில் பட்டுப்பட்டு அடுத்த மழைக்குள்ள போயிடும் சார்," என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

"போயிடுமா," என்று யோசித்தார். "மாடிக்கி ஒரு கதவு போடணும். அதையும் நெத்திலியோட வெச்சே காயவைங்க."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் என் வீட்டுக்காரர் அப்போது என்னைப் பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.