அவித்த மண்

மஞ்சூருக்கு மேலே, தேயிலையைப் பிடுங்கிவிட்ட ஒரு சரிவில் மறுபடியும் சோலைக்காடு வளர்க்கும் வேலையில் நானும் என் கணவரும் இருந்தோம். நாற்றங்கால் அவர் பொறுப்பு, மண் பரிசோதனை என் பொறுப்பு. இரண்டு மழைக்காலமாக நட்ட காட்டு நாவல் கன்றுகளில் பெரும்பாலானவை கருகிப்போயின.

மர வேருக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருக்கும். மண்ணிலிருந்து சத்தை இழுத்து மரத்துக்குக் கொடுக்கும். மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். தேயிலைக்கு அடித்த மருந்தில் அது அழிந்திருக்கும் என்று நினைத்து, பூஞ்சை வித்துக்களை நானே நாற்றுப் பைகளில் போட்டேன். நோய் வரக் கூடாதென்று மண்ணை டிரம்மில் அவித்தேன். வித்துக்களையும் கிருமி கொல்லும் மருந்தில் அலசினேன். அப்படியும் வேரில் பூஞ்சை ஏறவில்லை.

"பக்கத்துச் சோலை மண்ணு ஒரு கைப்பிடி அப்படியே போட்டுப் பாக்கலாம் புள்ள" என்றார் அவர்.

"அழுகல் வந்தா யாருங்க பதில் சொல்றது? படிச்சவ நானா, நீங்களா?"

அவர் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஐப்பசியில் அவர் கண் மஞ்சளாயிற்று. காமாலை என்று போனோம். கணையத்தில் கட்டி என்றார்கள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் மலைக்கும் நான் பஸ்ஸில் அலைந்தேன். அப்படி ஒரு பயணத்தில், போனில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது: பூஞ்சை வித்தை முளைக்கவைத்து, அது வேருக்குள் நுழைய உதவும் பாக்டீரியாக்கள் மண்ணிலேயே உண்டு. நான் அவித்ததிலும் அலசியதிலும் செத்தவை அவைதான்.

சோலை மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய தாளில் வடிகட்டினேன். பூஞ்சை தாளில் நின்றுவிடும், பாக்டீரியா இறங்கிவிடும். பூஞ்சை வித்துப் போட்ட பைகளில் சிலவற்றில் மட்டும் அந்தத் தண்ணீரை ஊற்றினேன். சில வாரங்கள் கழித்து வேர்களை வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். அந்தத் தண்ணீர் ஊற்றிய கன்றுகளின் வேர் முழுக்க நீலமாகப் பூஞ்சை இழைகள். மற்றவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

படமெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வலி மருந்தில் அவர் கண் பாதிதான் திறந்திருந்தது.

"ஏனுங்க, இங்க பாருங்க. நீங்க சொன்ன மண்ணுதானுங்க. அதுல இருக்கிற பாக்டீரியாதான் பூஞ்சைய உள்ள விடுது."

வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"ஊட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார்.

"போலாமுங்க."

நான்காம் நாள் இறந்துபோனார். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. பாக்டீரியாவைப் பற்றி அவ்வளவு சொன்னவள், 'தப்பா பேசிட்டேனுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளக்கிச் சொன்னதே மன்னிப்புக் கேட்டதாகிவிடும் என்று நினைத்திருந்தேன் போல.

அந்தத் தண்ணீர் ஊற்றி வளர்த்து இந்த ஆனியில் நட்ட கன்றுகள் அநேகமாக எல்லாமே துளிர்த்துவிட்டன. பார்க்க வந்த அதிகாரிகள் என்னைப் பாராட்டினார்கள். "இது எங்க வீட்டுக்காரர் யோசனைங்க" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்கள். வீட்டுக்கு வந்து, சேறு படிந்த செருப்பைக்கூடக் கழற்றாமல், அடுப்படியில் நின்று அழுதேன்.