பழைய சேலையைத் திருடியது யார்?

எழுபதுகளில், மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எஸ்டேட் ஆயா. கொழுந்து பறிக்கும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். மடியிலிருந்த பையைக்கூடத் தூங்கவைப்பதுபோல் தட்டிக்கொண்டே வந்தார். என் கையிலிருந்த மர்ம நாவலைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். கதையில், தொட்டில் குழந்தையும், கொடியில் கிடந்த தாயின் பழைய சேலையும் காணாமல்போய் இருபது வருஷம். துப்பறிபவர் இன்னும் திருடனைத் தேடுகிறார்.

"களவாணிக்குப் பழைய சேலை எதுக்கு தம்பி? அம்மா வாசம் இல்லாம பிள்ள உறங்காதுன்னு தெரிஞ்ச வீட்டுப் பொம்பளதான் எடுத்திருக்கா."

பரபரப்பில் கடைசிப் பக்கத்துக்குத் தாவினேன். குழந்தையின் சித்தியேதான்!

"கண்டுபிடிச்சிட்டீங்கக்கா!" என்று நான் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அது கெடக்கட்டும் தம்பி. அன்னைக்கு ராத்திரி பிள்ள உறங்குச்சா?"

மறுபடி புரட்டினேன். அதை மட்டும் எழுதியிருக்கவில்லை.