ஐயா சொல்லிவைத்த வத்தகப்பழம்

பச்சைப் பூசணிக்காயைப் பிளந்தவுடன் வெள்ளரிப்பிஞ்சும் ஈரமண்ணும் கலந்ததுபோல ஒரு வாசம் எழும். மற்றவர்களுக்கு அது மத்தியானக் கறியை நினைவூட்டலாம். எனக்கோ பியானோவும் ஐஸ்கிறீமும் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸும் இருந்த பார்ட்டியைத்தான் நினைவூட்டும்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம் அது. வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் நாங்கள் குடியிருந்தோம். ஐயா கோட்டையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். அம்மாவின் தங்கை பூமணிச் சின்னம்மா எங்களோடு இருந்து, சமையலும் வீட்டுக்கலையும் படித்து முடித்திருந்தார். ரீச்சராக வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. அதற்கு ஐயா சம்மதிக்க வேண்டும், ஐயாவோ, "எங்கடை வீட்டுப் பொம்பிளையைச் சம்பளத்துக்கு அனுப்பிப்போட்டு நான் கந்தோரிலை எப்பிடி முழிக்கிறது?" என்ற ஒரே கேள்வியால் அந்தப் பேச்சை ஒவ்வொரு முறையும் முடித்துவிடுவார். பொங்கல் முடிந்ததும் சின்னம்மாவை ஊருக்கு அனுப்புவது என்று தீர்மானமும் ஆகியிருந்தது.

பக்கத்து வீட்டு டோறத்தி அன்ரி, பறங்கிப் பெண்மணி, பெரிய மனசுக்காரி. தமது கலியாணத்தின் வெள்ளிவிழாப் பார்ட்டிக்கு ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெரிய மிஸ் வருகிறார் என்றும், அந்த மிஸ் சமையல் படிப்பிக்க ஆள் தேடுகிறார் என்றும் சின்னம்மாவிடம் சொன்னவர் அவர்தான். மேசை நடுவில் வைக்க வத்தகப்பழத்தில் ஒரு கூடை செதுக்கித் தா, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கைப்பிடியும் பூவேலை விளிம்புமாக அந்தத் தர்ப்பூசணிப் பழத்தைக் குடைந்து, உள்ளே அன்னாசியும் பப்பாசியும் மாம்பழமும் நிரப்பிவைப்பதுதான் அந்தக் காலத்துப் பெரிய வீட்டு நாகரிகம்.

பழம் வாங்கித் தரும் பொறுப்பை ஐயா தாமாகவே ஏற்றுக்கொண்டார். வேலைக்குத்தான் அவர் எதிரி, வேடிக்கைக்கு அல்ல. அத்தோடு தமது சிங்களத்தைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் விடுவாரா? தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் அது சிங்களமாகிவிடும் என்பது ஐயாவின் இலக்கணம். மரக்கறிக் கடைக்காரரிடம் போய், சனிக்கிழமை விடிய, இருப்பதற்குள் ஆகப் பெரிய "வட்டக்கா" ஒன்றை வீட்டுக்கு அனுப்பும்படி சொல்லிவைத்துவிட்டு, வெற்றிவீரராக வந்தார்.

சனிக்கிழமை சாக்கில் வந்து இறங்கியது, இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு பூசணிக்காய். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கொண்டுவந்த ஆள் சாக்கை உதறியபடி, "மாத்தயா இல்லுவே வட்டக்கா நே?" என்றான். ஐயா கேட்டது வட்டக்காதானே என்று அதற்கு அர்த்தம். சிங்களத்தில் வட்டக்கா என்றால் பூசணி. வத்தகப்பழத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கொமடு. அது கடையில் இருக்கிறதா என்று கேட்டால், முன்கூட்டிச் சொன்னால்தான் எடுப்பிக்கலாம் என்று தலையை ஆட்டினான். பார்ட்டியோ அன்று பின்னேரம்.

சின்னம்மா அழப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பூசணியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, திருவலையை எடுங்கோ" என்றார். தேங்காய் துருவும் திருவலையால் பூசணிக் குடலை வழிப்பதைக் கண்டு அம்மா பட்ட பாடு சொல்லி மாளாது. வத்தகப்பழம் வழுவழு என்றிருக்கும். பூசணிக்கோ இயற்கையிலேயே வரிவரியாகப் புடைப்புகள். அந்தப் புடைப்பு ஒவ்வொன்றையும் சின்னம்மா ஒரு தாமரை இதழாக வெட்டினார். கரும்பச்சைத் தோலுக்குள்ளிருந்து மஞ்சள் சதை எட்டிப்பார்த்தது. பச்சை வாசம் போகத் தேசிக்காய்ப் புளியைத் தேய்த்து, உள்ளே குருத்து வாழையிலை விரித்து, பழத்தை நிரப்பினார். நிரப்பும்போது கீழே விழுந்ததெல்லாம் என் வயிற்றுக்குள் போனது. ஐயா அன்று முழுக்கப் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி இருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

பின்னேரம் அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம். பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, எல்லோரும் வத்தகப்பழத்தில் செய்வதைப் பூசணியில் செய்ய யாருக்கு யோசனை வந்தது என்று இங்கிலீசில் கேட்டார். சின்னம்மா ஒரு கணமும் தயங்கவில்லை. "எங்கள் அத்தானுக்கு" என்று இங்கிலீசிலேயே சொல்லி, மூலையில் தேசிக்காய்த் தண்ணீரோடு ஒதுங்கி நின்ற ஐயாவைக் கையால் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். பெரிய மிஸ் ஐயாவிடம் போய்க் கைகொடுத்து, இவ்வளவு புதுமையாக யோசிப்பவர் தம் மைத்துனியை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விட மறுக்கவா போகிறார் என்றார். ஐயா டையைச் சரிசெய்தார். மூன்று தரம் "சேர்ட்டன்லி, மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா மெல்லக் கேட்டார்: "இஞ்சாருங்கோ, அப்ப கந்தோரிலை எப்பிடி முழிக்கப் போறியள்?"

"புதுமையாய் யோசிக்கிற ஆக்கள் அதையெல்லாம் பாக்கிறேல்லை" என்றார் ஐயா. அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு சின்னம்மா ஊருக்குப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஓய்வு பெறும்வரை போனார். பூமணி ரீச்சரைப் பிள்ளைகள் ஓர் எழுத்தை மாற்றிப் பூசணி ரீச்சர் ஆக்கியதும், அது அவர் காதில் விழுந்ததும், அவர் கோபிக்காததும் எங்கள் ஒழுங்கைக்கே தெரியும். பூசணியில் கூடை செதுக்கியது தமது யோசனைதான் என்று ஐயா கடைசிவரை நம்பினார். சின்னம்மா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

இன்று டோறத்தி அன்ரியின் வீட்டிருந்த இடத்தில் மாடிவீடுகள். மேசை நடுவில் பழம் செதுக்கி வைப்பவரும் இல்லை, அந்தப் பியானோவும் இல்லை. எனக்குக் கவலைதான். ஆனால் போன மாதம் என் மகளின் மகள் பின்னேரம் வந்து, கைப்பையைக் கதிரையில் எறிந்துவிட்டு, தேத்தண்ணி கேட்டாள். எங்கே போய்வருகிறாய் என்றேன். வேலையால் வருகிறாளாம், திங்கட்கிழமையே சேர்ந்துவிட்டாளாம். "ஏன் எங்களிட்டைச் சொல்லேல்லை?" என்றேன். "இப்ப சொல்லுறன்தானே" என்றாள். தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன்.