டேப் சுற்றிய முடிச்சு

ஏ.எஸ்.ராவ் நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் ஓனர், மேலே ஒரு மாடி கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார். பெரிய இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் முப்பது வருஷம் செகந்திராபாத்தில் ஒரு டென்ட் ஹவுஸுக்கு ஷாமியானா கட்டியவள் நான். கயிற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கம்பத்திலிருந்து வரும் கயிறு, தரையில் அடித்த முளையைச் சுற்றித் திரும்பி, தன் மேலேயே முடிச்சாக உட்காரும். இழுத்தால் இறுகும், கையால் தள்ளினால் நகரும். காற்றுக்கும் மழைக்கும் கூட்டிக் குறைக்கத்தான் அந்த முடிச்சே. அது நழுவிவிடும் என்று பயந்து, அந்த மனுஷன் எல்லா முடிச்சிலும் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். தப்பு என்று சொன்னேன். சிரித்தார்.

முதல் பந்தி நடக்கும்போது மழை பிடித்தது. துணியின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. ஓரத்துக் கம்பம் உள்பக்கம் சாய, கயிறு விறைத்து நின்றது. அடியில் குழந்தைகளும் வயசானவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தளர்த்தினால் தண்ணீர் வடியும் என்று ஓனர் வந்தார். யோசனை சரிதான். டேப் சுற்றிய முடிச்சு நகருமா? டேப்பை அறுக்கக் கத்தியை எடுத்தார்.

நான் முடிச்சின் மேல் கையை வைத்தேன்.

"அம்மா, மீரு ஜரகண்டி," என்றார். என்னைத்தான் நகரச் சொல்கிறார்.

"நக்கோ சாரு, வேணாம். கத்தி கயித்துல பட்டா கம்பம் இவங்க தலையிலதான் விழும். முதல்ல பந்திய எழுப்புங்க."

சாப்பிடுகிறவர்களை எழுப்புவது மரியாதையில்லை என்று தெலுங்கில் முனகினார்.

"மண்டை உடைஞ்சா மரியாதையா இருக்குமா?"

நானே தெலுங்கில் சத்தம் போட்டேன். எல்லோரும் தட்டோடு வராண்டாவுக்குப் போனார்கள். பரிமாறிய ஆட்கள் இரண்டு பேரை ஓரத்தில் நிறுத்தி, மூங்கிலால் துணியை மேலே தள்ளச் சொன்னேன். தண்ணீர் தெருவில் கொட்டியது, கயிறு கொஞ்சம் இளகியது. டேப்பை நகத்தால் உரித்தேன். என் மகனைக் கூப்பிட்டு, முடிச்சுக்கு மேலே கயிற்றைப் பிடித்து முளைப்பக்கம் சாயச் சொன்னேன்.

"கையில சுத்திக்காத. பிடி, அவ்வளவுதான்."

பாரம் அவன் உடம்புக்குப் போனதும், முடிச்சை முளைப்பக்கம் ஒரு சாண் இறக்கினேன். விரலை முடிச்சுக்கும் முளைக்கும் நடுவில் விடவில்லை. அந்த ஓரம் தாழ்ந்தது. அப்புறம் பெய்த மழையெல்லாம் அந்த வழியே வடிந்தது.

என் மகன் நேராக ஓனரிடம் போய், "ஸாரி சார், அம்மா அப்படித்தான்," என்றான்.

"எதுக்குடா ஸாரி?" என்று அவர் முன்னாலேயே கேட்டேன்.

எப்போதும் எனக்குத் தெலுங்கில் பதில் சொல்கிறவன், அன்றைக்குத் தமிழில் சொன்னான். "வாடகை வீடும்மா."

இரண்டாம் பந்தி அதே ஷாமியானாவின் கீழ் உட்கார்ந்தது. ஓனரின் மனைவி என்னையும் கூப்பிட்டாள். என் மகன் கொடுத்த ஸாரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வரட்டும், அப்புறம் சாப்பிடுகிறேன் என்றேன். அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் எங்கள் வீட்டுக்குள் போய்த் தயிர்சாதம் பிசைந்தேன்.