நான் சாப்பிடாத பெத்தாய்

பெத்தாய் சாப்பிட்ட வாயை மிட்டாய் போட்டு மறைத்துவிடலாம். கழிவறையை ஒன்றும் செய்ய முடியாது. மறுநாள் ஆள் போய் வந்த பிறகும் அந்த வாசம் அங்கேயே நின்று அவரைக் காட்டிக்கொடுக்கும். காட்டில் உயர்ந்த மரத்தின் உச்சியில், முறுக்கிய நீளக் காய்களாகத் தொங்கும் பெத்தாய்க்கு நம் வீட்டு விஷயத்தில் இத்தனை அக்கறை ஏனோ தெரியவில்லை. அதன் பச்சைக் கொட்டைகளை மிளகாய் அரைத்துச் செய்யும் நெத்திலி சம்பலில் போட்டுவிட்டால் நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவேன்.

மகளைப் பெண் கேட்டுத் தம்போயிலிருந்து வருகிறார்கள் என்றதும் என் மனைவி முதலில் தடை செய்தது பெத்தாயைத்தான். மகளும் அந்தப் பையனும் ஒரே இடத்தில் வேலை செய்து விரும்பியவர்கள். பெரியவர்கள் சரி என்றால் கல்யாணம். பையனின் அம்மாவுக்குப் பெத்தாய் வாசமே ஆகாது என்று மகள் சொல்லியிருந்தாள்.

உலு திராமில் எங்களுடையது சின்ன வீடு. கழிவறை ஒன்றுதான், அதுவும் கூடத்தை ஒட்டி.

"ஒரு வாரம் வாயக் கட்டுங்க. இல்லன்னா அன்னிக்கு உங்கள பக்கத்து வீட்ல உட்கார வெச்சிடுவேன்" என்றாள் மனைவி.

புது ஆட்களிடம் பேச வராத எனக்குப் பக்கத்து வீடே வசதிதான். ஆனாலும் மகளுக்காக வாயைக் கட்டினேன். அன்று காலை கழிவறையையும் நானே தேய்த்துக் கழுவினேன்.

பையனும் அவன் பெற்றோரும் வந்தார்கள். அப்பா நன்றாகப் பேசினார். சிங்கப்பூர் போகும் பாலத்து நெரிசல், அங்கே கிடைக்கும் சம்பளம் என்று அவர் பேச, சிரிக்க வேண்டிய இடங்களில் நான் சிரித்தேன். நடுவில் எழுந்து கழிவறைக்குப் போய் வந்தார். அடுத்து அவர் மனைவி கைகழுவப் போனார். வெளியே வரும்போது முந்தானை மூக்கில் இருந்தது. அவர் கணவரைப் பார்க்க, கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

என் மனைவியும் உள்ளே போய் வந்தாள். முறுக்குத் தட்டை நீட்டும் சாக்கில் என் காதருகே குனிந்தாள்.

"ஒரு வாரம் பொறுக்க முடியலையா உங்களுக்கு?"

"நான் சாப்பிடல."

"அப்ப பாத்ரூமா சாப்பிட்டுச்சு?"

எதிரில் அந்த அம்மாவும் பல்லைக் கடித்துக்கொண்டு கணவரிடம் கேட்டார்: "நேத்து கூட்டாளிங்களோட என்ன சாப்பிட்டீங்க?" எல்லோருக்கும் கேட்டது. கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது. மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்கள் சண்டையோடு வண்டி ஏறினால் அவள் கல்யாணம் என்ன ஆகும்?

"நான்தான். நேத்து பெத்தாய் சாப்பிட்டேன்" என்றேன். அவர்கள் வந்ததிலிருந்து அவர்களிடம் நான் பேசிய முதல் வார்த்தை. பழக்கமில்லாததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்துவிட்டது.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்பாடா. நான் இவரப் போய் சந்தேகப்பட்டுட்டேன்."

இனி அவர் கணவர் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவரோ வருத்தமாகத் தலையை ஆட்டினார். "நமக்கெல்லாம் வயசாச்சு சார். நாக்க அடக்கணும்லா."

"நல்லா சொல்லுங்கண்ணே. நான் சொன்னா கேக்கறதே இல்ல" என்றாள் என் மனைவி.

கிட்னி, யூரிக் ஆசிட் என்று அவர் எனக்கு நெடுநேரம் புத்தி சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். கணவர் இவ்வளவு பொறுப்பாகப் பேசியதில் அந்த அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "சரி, நிச்சயத்த எப்ப வெச்சுக்கலாம்?" என்று அவரே ஆரம்பித்தார்.

புறப்படும்போது பெண்கள் வாசல் கேட் அருகே பேசிக்கொண்டிருந்தார்கள். பையனின் அப்பா என் கையைப் பிடித்துக் கார் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"சம்பந்தி, கோத்தா திங்கி ரோட்ல ஒரு கடை இருக்கு. எறா போட்டு பெத்தாய் சம்பல். சனிக்கிழமை நான் வந்து ஏத்திக்கிறேன். வீட்ல மண்டபம் பாக்கப் போறோம்னு சொல்லிடுங்க."

நான் தலையாட்டினேன். சாப்பிட்ட பழி ஏற்கெனவே என் தலையில் ஏறியாயிற்று. சாப்பிடுவது ஒன்றுதான் பாக்கி.